‘நான்’ என்று எப்போது எழுதுவது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்றவர்களுக்குப் புரிவதற்கு வேண்டியதை மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

வயது 29. ஓர் இதழின் கலை, பண்பாட்டுப் பகுதியில் 6 ஆண்டுகளாக எழுதுகிறீர்கள். இசை, நாடகம், புத்தக மதிப்புரை என்று பரவலாக எழுதியவர். ஓராண்டுக்கு முன், ‘ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் நான் இல்லை, நான்பைனரி’ என்று அலுவலகத்தில் சொன்னீர்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து உங்களிடம் கேட்கப்படும் கட்டுரைகள் மட்டும் மாறிவிட்டன. இதற்கிடையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறீர்கள். 14 பகுதிகள் வெளிவந்திருக்கின்றன. நிறுவனம் இப்போது அதை வாங்கிக்கொண்டு, பாலினம் பற்றிய நிகழ்ச்சியாக மாற்றி, அதற்கு உங்களை முகமாக வைக்க விரும்புகிறது. சம்பளமும் கொஞ்சம் கூடும். “இது பதவி உயர்வா, ஓரங்கட்டலா என்று புரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அந்தப் பாட்காஸ்டைக் கேட்கிறார். அவர் கேட்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வரியைத் தாண்டி எனக்கு உடனே போக முடியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். கலைப் பக்கங்களுக்கு 23 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். என்னிடம் பணிசெய்த ஒருவர் நாடக மேடையின் ஒளியமைப்பைப் பற்றி எழுதினால் படிப்பவருக்குக் கண் கூசும், அத்தனை நுட்பம். அவரும் தம் பாலின அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்னவர். நான் மகிழ்ச்சியோடு வரவேற்றேன். அடுத்த வாரமே அவருடைய அனுபவத்தைக் கட்டுரையாகக் கேட்டேன். அது நன்றாக வரவே இன்னொன்று கேட்டேன். எந்த நாட்டிலாவது அடையாளம் தொடர்பான ஒரு தீர்ப்பு வந்தால் அவர்தான், ஒரு படத்தில் அப்படி ஒரு பாத்திரம் வந்தால் அவர்தான் என்று ஆக்கிவிட்டேன். பாலினச் சிறுபான்மையினரின் பெருமித மாதமான ஜூனில் அவருக்கு நாலு கட்டுரை இருக்கும். மற்ற மாதங்களில் நாடகங்களுக்கு வேறு ஆளை அனுப்பினேன். மூன்று ஆண்டு கழித்து அவர் வேலையை விட்டபோது, “நான் கடைசியாக ஒரு நாடகம் பார்த்து எழுதி இரண்டு வருடம் ஆகிறது” என்றார். அவரை ஒதுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்பாகத்தான் செய்தேன். விளைவு மாறவில்லை. அந்த ஒளியமைப்புக் கட்டுரைகளைப் பிறகு யாரும் எழுதவில்லை.

ஆகவே உங்கள் ஆசிரியரைக் கெட்டவர் என்று நினைக்காமலேயே நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் செய்தியாளர். உங்கள் வாழ்க்கை செய்தியாகும் நாள்களும் வரும். அந்த நாள் எது என்று முடிவுசெய்யும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். சம்பளம், ஒப்பந்தம், குரல், பெயர் எல்லாவற்றையும் இதை வைத்தே பார்க்கிறேன்.

அப்படியானால் பாலினத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுத வேண்டும். எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விருது மேடைகளை எடுத்துக்கொள்வோம். கிராமி விருதுகள் 2012 விழாவிலேயே ஆண் பாடகர், பெண் பாடகர் என்று தனித்தனியாக இருந்த பிரிவுகளைக் கலைத்துவிட்டன. பெர்லின் திரைப்பட விழா 2021இல் நடிகர், நடிகை விருதுகளை நிறுத்தி, முதன்மை நடிப்பு, துணை நடிப்பு என்று மாற்றியது. பிரிட்டனின் பிரிட் இசை விருதுகள் 2022இல் அதே வழிக்கு வந்தன. அடுத்த ஆண்டே, 2023இல், ஆண்டின் சிறந்த கலைஞர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட 5 பேரும் ஆண்களாக இருந்தார்கள். 2024இல் அந்தப் பட்டியலை 10 பேராக விரித்தார்கள். நியூயார்க் நாடக உலகின் டோனி விருதுகளோ பிரிவுகளைக் கலைக்கவே இல்லை. அங்கே 2023இல் ஜஸ்டின் டேவிட் சல்லிவன் என்ற நான்பைனரி கலைஞர், நடிகர், நடிகை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று போட்டியிலிருந்தே விலகினார். அதே ஆண்டு அலெக்ஸ் நியூவெல், ஜே. ஹாரிசன் கீ என்ற இரு நான்பைனரி கலைஞர்கள் நடிகர் பிரிவுகளில் நின்று விருது பெற்றார்கள். கேள்வி ஒன்றுதான், ஒரே ஆண்டில், ஒரே மேடையில் அதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன.

இதைச் செய்தியாக்கிய பலர் ‘முன்னேற்றம்’ என்றோ ‘சர்ச்சை’ என்றோ ஒரு சொல்லில் முடித்தார்கள். நீங்கள் எழுதினால் அங்கே நிறுத்த மாட்டீர்கள். படிவத்தில் இரண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. ஆகவே கட்டத்தை வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார், அழித்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கேட்பீர்கள். பிரிட் பட்டியலில் பெண்கள் ஏன் காணாமல் போனார்கள் என்றும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி உங்கள் நண்பர்களுக்கே பிடிக்காமல் போகலாம். ‘நம் ஆள் இப்படி எழுதலாமா’ என்பார்கள். எழுதுங்கள். உங்கள் வாழ்க்கை உங்களுக்குக் கேள்விகளைத் தந்திருக்கிறது. விடையைத் தொலைபேசியிலும் ஆவணத்திலும் அரங்கிலும்தான் தேடியாக வேண்டும். இப்படி ஒரு கட்டுரை 2,000 சொற்களில் வந்தால் அதில் ‘நான்’ என்ற சொல் ஒரு தடவைகூட வர வேண்டியதில்லை. ஆனாலும் அதை உங்களைத் தவிர வேறு யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து எழுத்தாளர் கிம் டி லொரிசான் 2022இல் ஜெர்மன் புத்தகப் பரிசு பெற்றார், நான்பைனரி எழுத்தாளர். மேடையிலேயே தம் தலைமுடியை மழித்துக்கொண்டார், ஈரானியப் பெண்களுக்கு ஆதரவாக. எனக்குப் படிக்கக் கிடைத்த செய்திகளில் அந்த முடியும் அன்று உடுத்தியிருந்த உடையும் முதல் பத்தியில் இருந்தன. பரிசு பெற்ற அவருடைய நாவல் நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியிடம் பேசுகிறது, குடும்பத்தில் பெண்கள் வழியாக மறைந்துபோன கதைகளைத் தோண்டுகிறது, அதற்காகவே மொழியை உடைத்து உடைத்துக் கட்டுகிறது என்பதெல்லாம் பின்னால் வந்தது, அல்லது வரவே இல்லை. நீங்கள் ஒரு பண்பாட்டுச் செய்தியாளர். இந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் வேலை. பிறரைப் பற்றி எழுதும்போது நீங்கள் எதை முதல் பத்தியில் வைக்கிறீர்களோ, அதையே நாளை உங்களைப் பற்றி எழுதுபவர்களிடமும் உரிமையோடு கேட்கலாம்.

அலுவலகத்தில் இதைச் செயல்படுத்த ஒரு வழி உண்டு. கடந்த 12 மாதங்களில் வெளிவந்த உங்கள் கட்டுரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, எவை நீங்கள் முன்வைத்தவை, எவை உங்களுக்கு ஒதுக்கப்பட்டவை என்று குறியுங்கள். ஆசிரியரிடம் அந்தத் தாளோடு போங்கள். ‘என்னை ஓரங்கட்டுகிறீர்கள்’ என்று சொன்னால் அவர் மறுப்பார், பேச்சு உணர்ச்சியில் முடியும். தாளைப் பார்த்தால் அவரே எண்ணுவார். என்னிடம் யாராவது அப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன், திருத்திக்கொண்டும் இருப்பேன்.

இனி மொழி. உங்களை எப்படிக் குறிப்பிடச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒன்றில் தமிழ் உங்களுக்குக் கை கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரை, பலரைக் குறிக்கும் ‘தே’ (they) என்ற சொல்லால் எழுதலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு அதை 2017இல்தான் வரம்போடு ஏற்றது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இன் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தது. ஸ்வீடிஷ் மொழியில் ‘ஹென்’ என்ற பாலினம் காட்டாத சொல் அவர்களுடைய அதிகாரபூர்வச் சொற்பட்டியலுக்குள் வந்தது 2015இல். நமக்கோ ‘அவர்’ இருக்கிறது. பலர்பால் சொல்லை ஒருவருக்கு ஆளுவது இலக்கணப்படி வருவது அல்ல, வழக்கில் உயர்வு கருதி வருவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்கிறது. அதே இயலில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளையே பெற்று வரும் என்றும் ஒரு நூற்பா உண்டு. இந்தச் சிக்கல் இலக்கணக்காரர்களுக்குப் புதிதல்ல.

ஆகவே ‘அவர் எழுதினார்’, ‘அவர் பேசினார்’ என்பதே போதும். ஆனால் அச்சுக்குப் போகும் வரை நீங்களே கவனியுங்கள். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் மேசையில் அந்த ‘தே’ அப்படியே ‘அவர்கள்’ ஆகிவிடுகிறது. பிரிட்டிஷ் பாடகர் சாம் ஸ்மித் 2019இல் தம்மை அப்படிக் குறிப்பிடச் சொன்ன பிறகு, என் மேசைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘அவர்கள் பாடினார்கள்’ என்று இருந்தது. வாசகர் அதை ஓர் இசைக்குழு என்றுதான் எண்ணியிருப்பார். பெயர்ச்சொற்களிலும் இதே கவனம் வேண்டும். செய்தியாளர், எழுத்தாளர், கலைஞர் ஆகியவை எவரையும் வெளியே நிறுத்துவதில்லை. பாடகி, நடிகை என்று வரும் இடங்களில்தான் துணையாசிரியரோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

எழுத்தில் இவ்வளவு எளிதாக இருப்பது ஒலிப்பதிவில் எளிதாக இல்லை. காரணம் உறவுச் சொற்கள். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் ‘அண்ணா’ என்பார், அல்லது ‘அக்கா’ என்பார். நம் மொழியில் மரியாதையும் நெருக்கமும் அந்தச் சொற்களின் வழியாகத்தான் வருகின்றன. அவர் தவறு செய்யவில்லை. பதிவு தொடங்குவதற்கு முன், தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுங்கள். மூத்தவர்களிடம் ‘பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்’ என்றால் தயக்கமே இராது. இளையவர்களுக்கு அது வராது. அவர்களுக்குத் ‘தோழர்’ என்ற சொல்லைக் கொடுக்கலாம். அதில் ஓர் அரசியல் வாசம் உண்டு என்று தோன்றினால் அழைப்புச் சொல்லே இல்லாமல், ‘சொல்லுங்கள்’, ‘கேளுங்கள்’ என்ற விகுதியிலேயே ஒரு மணி நேரம் மரியாதையாகப் பேசிவிட முடியும். நான் முயன்று பார்த்திருக்கிறேன். முடிகிறது.

அப்புறம் குரல். “என் குரலைக் கேட்டதுமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அதைத் தடுக்க வழியில்லை. பேசும்போது குரல்நாண்கள் அதிரும் வேகம் வளர்ந்த ஆண்களுக்குச் சராசரியாக நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. நடுவில் பரந்த வெளி இருக்கிறது. 2019இல் டென்மார்க்கில் ஒரு குழுவினர் ‘க்யூ’ என்ற பெயரில், ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாத கணினிக் குரல் ஒன்றை உருவாக்கினார்கள்; 145 முதல் 175 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் கொண்ட இடைவெளியில் அது பேசியது. அதைக் கேட்டுவிட்டு, மென்பொருளால் உங்கள் குரலை அங்கே நகர்த்தலாமே என்று தோன்றலாம். வேண்டாம். திருத்திய குரலில் மூச்சு பொய்யாகிவிடுகிறது, சிரிப்பு தகரமாகிவிடுகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் பத்தாவது நிமிடத்தில் விலகிவிடுவார். 2024 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற சுவிட்சர்லாந்தின் நெமோவைக் கேளுங்கள். மூன்று நிமிடத்துக்குள் ராப்பிலிருந்து ஒபேராவின் உச்சிக்குப் போய்த் திரும்புகிறார். குரல் எந்த வீட்டில் தங்கும் என்று கேட்பவர் யோசிப்பதற்குள் அது அடுத்த வீட்டில் இருக்கிறது. பேச்சில் நீங்கள் பாட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குரலின் முழு வீச்சையும் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள்.

ஒரு சின்னத் தொழில் குறிப்பு: உங்கள் 3ஆவது, 9ஆவது பகுதிகளைக் கேட்டேன். இரண்டிலும் குரலின் கனம் நடுநடுவே மாறுகிறது. மைக்கை நெருங்க நெருங்க அடித்தொனி பெருகும். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளின் இயல்பு அது. ஒரு சாண் தூரத்தை வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் பழகுங்கள். 9ஆவது பகுதியில் அந்த நாட்டுப்புறப் பாடகரிடம் நீங்கள் குறுக்கிடாமல் விட்ட மௌனம் எனக்கு மிகவும் பிடித்தது. அதை வெட்டாமல் வைத்தது யாருடைய முடிவு? அவரைத் தொகுப்பு வேலையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஒப்பந்தம். என் கவலையெல்லாம் இங்கேதான். பாட்காஸ்ட் என்ற சொல் 2004இல் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில், இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தேடும் வரியில் வந்தது. பெயர் எதுவானாலும், அதன் உயிர் ‘ஃபீட்’ என்கிற ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. புதிய பகுதி வந்திருக்கிறது என்று எல்லாச் செயலிகளுக்கும் சொல்வது அதுதான். ஃபீட் உங்கள் கையில் இருந்தால், எந்தச் செயலி மூடினாலும் நிகழ்ச்சி சாகாது. கூகுள் பாட்காஸ்ட் செயலி 2024இல் மூடப்பட்டபோது, ஃபீடைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் நேயர்களை வேறு செயலிக்கு அழைத்துப் போக முடிந்தது. நிறுவனம் கேட்பது உங்கள் முகத்தை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் அவர்கள் கேட்கப்போவது ஃபீடை.

ஆகவே கையெழுத்துக்கு முன், எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை இவை. ஃபீடும் நிகழ்ச்சியின் பெயரும் யாருக்குச் சொந்தம்? ஏற்கெனவே வந்த 14 பகுதிகளையும் சேர்த்துத் தருகிறீர்களா, உரிமம் மட்டுமா? நீங்கள் விலகினால் நிகழ்ச்சி வேறொருவரை வைத்துத் தொடருமா, அப்படியானால் உங்கள் பழைய பகுதிகள் அதே பெயரில் அங்கேயே கிடக்குமா? தலைப்பையும் அறிமுக வரியையும் யார் எழுதுவார்கள்? இதை அலட்சியம் செய்யாதீர்கள். நல்ல நேர்காணல் ஒன்றைத் தலைப்பு ஒன்றே கெடுத்துவிடும். உங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ பயன்படுத்துவார்களா? கூடாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். எந்தத் தலைப்புகளை எடுப்பது என்பதில் உங்களுக்கு மறுக்கும் உரிமை உண்டா? உங்கள் கைக்கு வரும் ஒப்பந்தத்தை, பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அதற்கான செலவை வீண் என்று நினைக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒருவரிடம் பேச வேண்டும். உங்கள் நண்பர். முழுக் கடிதத்திலும் அவர் ‘நண்பர் ஒருவர்’ என்று ஒரே இடத்தில் வருகிறார். 14 பகுதிகளில் பாதி அவருடையது. நிறுவனம் உங்களை மட்டும் முகமாகக் கேட்கிறது என்றால் அவர் எங்கே போவார்? இந்தக் கேள்வியை அவர் உங்களிடம் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன். வேலையை விட மாட்டேன். பாட்காஸ்டைக் கொடுக்கவும் மாட்டேன். நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு தொடரைச் செய்து தருகிறேன், 8 பகுதிகள், பொருள் பண்பாடு, பாலினம் அதில் வரும் இடத்தில் வரும் என்று எதிர்த்திட்டம் ஒன்றைக் கொடுப்பேன். பழைய பாட்காஸ்ட் உங்கள் இருவருடையதாகவே இருக்கட்டும். மறுத்தால் மறுக்கட்டும், இப்போதிருக்கும் சம்பளம் உங்களுக்கு இருக்கிறது. சொந்தப் பாட்காஸ்டிலிருந்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய வருமானம் வரும் என்று நம்பி மாதச் சம்பளத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் பெரும்பாலும் சன்மானக் கட்டுரைகள்தான் அவர்களைக் காப்பாற்றின.

பழைய பெயரில் வந்த 5 ஆண்டுக் கட்டுரைகளில் இப்போதைய பெயரைப் போடச் சொல்லிக் கேட்கலாமா என்றால்: கேளுங்கள். இணையக் காப்பகத்தில் பைலைனை, அதாவது எழுதியவர் பெயர் வரியை, மாற்றுவது சில நிமிட வேலை. ஆய்விதழ் உலகில் கணினித்துறைச் சங்கமான ஏசிஎம் 2019இலேயே, எழுத்தாளர் பெயர் மாறினால் பழைய கட்டுரைகளிலும் அறிவிப்பில்லாமல் மாற்றித்தரும் கொள்கையைக் கொண்டுவந்தது. முன்னுதாரணம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அச்சில் வந்ததை மாற்ற முடியாது, அதற்காக வருந்திக்கொண்டிருக்காதீர்கள். மாற்ற மறுத்தால், நீங்கள் பெருமைப்படும் 20 கட்டுரைகளின் பட்டியலை உங்கள் பெயரில் உங்கள் தளத்தில் வையுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளிப்படையாக இருப்பதால், பிறர் உங்களிடம் மனம் திறப்பார்கள். ஒரு நடனக் கலைஞர், ஓர் ஒப்பனையாளர், ஓர் இளம் பாடகர், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுவார். அந்த நிமிடத்தில் அவர் உங்களைச் செய்தியாளராகப் பார்க்கவில்லை. பதிவை நிறுத்துங்கள். பெயர், குரல், படம், வெளியாகும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். அடையாளத்தை மறைக்க வேண்டுமென்றால் குரலின் தொனியை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட முடியும், பேச்சின் நடையை வைத்தே நெருங்கியவர்கள் கண்டுபிடித்தும் விடுவார்கள். அவர் சொன்னதை எழுதி, வேறொருவரைக் கொண்டு பேசவைத்து, அப்படிச் செய்திருக்கிறோம் என்று நேயர்களிடம் சொல்லிவிடுங்கள். மூலப் பதிவை அழித்துவிடுங்கள். ஒரு நல்ல பகுதி கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

வசவுகள் வரும். ஏற்கெனவே வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுப் பயன்பாட்டுக்கு வேறு தொலைபேசி எண், எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, வீட்டின் சன்னல் தெரியாத படங்கள். கருத்துகளை நீங்களே படிக்காமல் நண்பர் படித்து, வேண்டியதை மட்டும் உங்களுக்குத் தரட்டும். மிரட்டல்களை மட்டும் அழிக்காமல் தேதியோடு சேமித்து வையுங்கள். நிறுவனத்திடமும் காவல் துறையிடமும் காட்ட அவை வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியபடி, கடந்த சில மாதங்களாக அவர் உங்களைப் பற்றி உறவினரிடம் பேசும்போது ‘என் பிள்ளை’ என்றே சொல்கிறார். முன்பு அப்படிச் சொன்னதில்லை. இது தற்செயலா என்று கேட்கிறீர்கள். தெரியாது, அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் மகன், மகள் என்ற இரண்டையும் விட்டுவிட்டு அந்தச் சொல்லுக்கு ஒருவர் தானாக வந்து சேர்ந்திருக்கிறார் என்றால், 14 பகுதிகளையும் அவர் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அவரைப் பாட்காஸ்டுக்கு விருந்தினராக அழைக்கலாமா என்ற யோசனை நிறுவனத்தின் திட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அழைக்காதீர்கள். இப்போது வேண்டாம். அவர் உங்கள் நேயராக இருக்கட்டும். அவரிடம் பேசுவதற்கு மைக் இல்லாத ஒரு மாலை போதும்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தேதிக்கு, கடிதத்தில் இருந்த கணக்குப்படி, இன்னும் 9 நாள் இருக்கிறது. நண்பரைப் பார்த்துவிட்டு, முதலில் 15ஆவது பகுதியைப் பதிவு செய்யுங்கள். எதைப் பற்றி என்று நீங்கள் இருவரும் மட்டும் முடிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும், பெயர்களை மறைத்து எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.